வார்டன் பிரிஸில்லாவும் மூன்று விசிலும்

அண்ணன் என்பதற்கு என்ன அத்தாட்சி? இப்படி ஒரு கேள்வியைத் தன் ஆயுசில் யாரும் கேட்கப் போவதில்லை என்ற நம்பிக்கையோடுதான் இதை எழுதுபவன், மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதத்துக் காலையில், தங்கை வளர்மதியைக் கூட்டிக்கொண்டு சாந்தோமில் ஒரு சந்துக்குள் இருக்கும் பெண்கள் விடுதிக்குப் போனான். சொந்த ஊர் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வளர்மதிக்குப் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. பெண் பிள்ளையை மெட்ராசுக்கு அனுப்ப அப்பா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்: "கண்டிப்பான ஹாஸ்டல்னா போ. அங்கேருந்து ஒரு புகார் வந்துச்சுன்னு வையி, மறுநாள் பஸ்ஸுல வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு ஊரு வந்து சேந்துடணும்."

கண்டிப்பு வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை, மூக்கு நுனியில் கண்ணாடி. வயது ஐம்பத்தைந்து. வார்டன் பிரிஸில்லா.

"இவரு யாரு?"

"எங்க அண்ணன், மிஸ்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. ப்ரூஃப் இருக்கா?"

இரண்டு பேருடைய ஆதார் அட்டையையும் நீட்டினார்கள். அப்பா பெயர் கலியபெருமாள். ஒரு அட்டையில் அந்தப் பெயருக்கு ஆங்கில எழுத்து ஒன்று கூடுதலாக விழுந்திருந்தது. பிரிஸில்லா இரண்டையும் அருகருகே வைத்து விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது ஒரு அப்பா. இது வேற ஒரு அப்பா."

இதை எழுதுபவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன். பிளாஸ்டிக் உறையில் எப்போதும் கூடவே கொண்டு போகிற பட்டச் சான்றிதழை எடுத்து மேஜைமேல் வைத்தான். "பி.எஸ்ஸி. கணக்கு, மேடம். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"டிகிரி வாங்கினா அண்ணன் ஆயிடுவாங்களா? இப்போ ஏமாத்தறவங்க எல்லாம் டிகிரியோடதான் வராங்க."

கடைசியில் ஊருக்குப் போன் போட்டார். எடுத்த எடுப்பில் அப்பாவிடம் கேட்டது, "உங்க பையனுக்கு உடம்புல எங்க தழும்பு?" அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இடது முட்டிக்குக் கீழ, மாடு முட்டுனது" என்றார். விடுதி வாட்ச்மேன் தங்கவேல் முன்னிலையில் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டிய பிறகுதான் வளர்மதிக்கு அறை கிடைத்தது. அதற்கும் பிறகுகூட, வருகையாளர் பதிவேட்டில் 'அண்ணன்' என்று எழுதியதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தார் வார்டன். மற்றதெல்லாம் அவரே பின்னால் சொன்னது பாதி, தங்கவேல் சொன்னது மீதி.

பிரிஸில்லா பிறந்ததும் இதே சாந்தோமில்தான். மாதா கோயில் மணி காதில் விழுகிற தூரத்தில் நாலைந்து தலைமுறையாக இருந்த குடும்பம். ஆறு வயதில் அம்மா இறந்தாள். பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்த அப்பா, பெண் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், கன்னியாஸ்திரீகள் நடத்திய போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார். அங்கிருந்து ஆசிரியப் பயிற்சி விடுதி, அங்கிருந்து இந்த விடுதிக்கு உதவி வார்டன், பிறகு வார்டன். மொத்தம் நாற்பத்தொன்பது வருடம், மணி அடித்தால் தட்டோடு போய் நிற்கிற வாழ்க்கை. போர்டிங்கில் சமையலறை வாசலில் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். தாண்டிய பிள்ளை அன்று முழுக்க முட்டி போட வேண்டும். விடுதிச் சமையலோ ஒப்பந்தக்காரர் கையில். ஆளுயர பாய்லர், அண்டா, டீசல் அடுப்பு. "மேடம், உள்ள வராதீங்க, வழுக்கும்" என்று வாசலிலேயே மறித்துவிடுவார்கள். வெந்நீர்கூட மெஸ்ஸிலிருந்து ஃப்ளாஸ்க்கில் வரும். ஆக, அந்தம்மாவுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் சுட வைக்கத் தெரியாது. அது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

சந்தேகமோ அவருக்கு மூச்சு மாதிரி. காய்ச்சல் என்று எந்தப் பெண்ணாவது படுத்தால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தன் நெற்றியையும் தொட்டுப் பார்ப்பார். கூரியரில் வந்த பார்சலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஆனால் காரணமில்லாத சந்தேகம் என்றும் சொல்லிவிட முடியாது. முன்பு ஒரு தடவை ஓர் 'அண்ணன்' ஞாயிறு தவறாமல் பழம் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தான். ஒருநாள் 'தங்கை'யோடு போய்விட்டான். பெற்றவர்கள் வந்து கேட்டில் அழுதபோதுதான் அவர்களுக்கு ஆண் பிள்ளையே கிடையாது என்று தெரிந்தது. டிரஸ்ட் கமிட்டி பிரிஸில்லாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. அன்றிலிருந்து விடுதியில் ஒரு சட்டம்: வெளியே போகிறவர்கள் போகிற இடத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதியது பொய் என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போன், மறுநாள் அறையைக் காலி செய்ய வேண்டும். அழுகை, கெஞ்சல் எதுவும் செல்லாது.

வளர்மதி வந்த மாதமே ஒரு அனுமதி கேட்டாள். "கூட வேலை பாக்குற சிம்ரா வீட்டுக்கு ஞாயித்துக்கெழம போயிட்டு வரட்டுமா மிஸ்? பக்கத்துலதான், கச்சேரி ரோடு."

"சொந்தமா?"

"இல்ல மிஸ், ஃப்ரெண்டு."

"சொந்தக்காரங்க வீடு, கோயில், சர்ச், டாக்டர். இந்த நாலுதான் அலவ்டு."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. செப்டம்பரில் வளர்மதிக்குத் திடீரென்று பக்தி வந்தது. ஞாயிறுதோறும் நாலு மணிக்குப் பதிவேட்டில் 'கபாலி கோயில்' என்று எழுதிவிட்டுப் போவாள், ஆறரைக்கு வருவாள். முதல் வாரம் பிரிஸில்லா ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது வாரம் கேட்டில் நிறுத்தினார்.

"கோயிலுக்குப் போன நெத்தியில ஒண்ணையும் காணோம்?"

"வேர்வையில அழிஞ்சிருச்சு மிஸ்."

அவள் கடந்து போனபோது பின்னலிலிருந்து ஒரு வாசனை வந்தது. பிரிஸில்லா மூக்கை உறிஞ்சினார். அவள் மாடிப்படி ஏறி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாட்ச்மேனிடம் திரும்பினார்.

"தங்கவேலு, கபாலி கோயில் பிரசாதத்துல பூண்டு போடுவாங்களா?"

"இன்னா மேடம் நீங்க! போட்டா மாட வீதி மொத்தமும் எய்ந்து வந்துடாது?"

மூன்றாவது வாரம் ஆட்காட்டி விரலில் கொப்புளத்தோடு வந்தாள். "வெளக்கேத்தும்போது சுட்டுக்கிச்சு மிஸ்." நாலாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை, வருகையாளர் அறையில், அந்த அண்ணன்காரன் கிளம்பும்போது நாலாக மடித்த ஒரு காகிதத்தை வளர்மதியின் கையில் வைத்து அழுத்தியதை ஜன்னல் வழியாகப் பிரிஸில்லா தன் கண்ணாலேயே பார்த்தார். கூடப் பிறந்தவனாக இருந்தால் வாயால் சொல்லக் கூடாதா? போனில் சொல்லக் கூடாதா? மடித்த காகிதம் எதற்கு?

தெய்வச் செயல் என்றுதான் சொல்ல வேண்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவும் இடத்தில் அந்தக் காகிதம் கிடந்தது. குழாய்த் தண்ணீரில் நனைந்து மேல் பாதி மை கரைந்து நீலமாக ஓடிப்போயிருந்தது. கீழ்ப் பாதி தெளிவாக இருந்தது. பிரிஸில்லா அதை அலுவலக அறைக்குக் கொண்டுபோய், மின்விசிறிக்குக் கீழே காயவைத்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்:

*மூணு விசில் வர்ற வரைக்கும் கிட்ட போகாத. மூணாவது விசில் வந்ததும் சிம் மாத்திடு. பத்து நிமிஷம் கழிச்சி அணைச்சிடு. உடனே தொறக்காத. பயப்படாத, ஒண்ணும் ஆகாது.*

ஒரு தடவைக்கு மூன்று தடவை படித்தார். 'அணைச்சிடு' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் காது சூடானது. கதவைச் சாத்திவிட்டுத் தங்கவேலைக் கூப்பிட்டார்.

"இதப் படி. சத்தமாப் படிக்காத."

தங்கவேல் உதடு அசையப் படித்தான். "இன்னா மேடம் இது, சமையக் குறிப்பு மாதிரி கீது? விசிலுன்னா குக்கரா இருக்கப் போவுது."

"குக்கருக்கு யாராவது சிம் கார்டு போடுவாங்களா?"

தங்கவேல் தலையைச் சொறிந்தான். அவனும் பெண்டாட்டி ஊரில், சோறு மெஸ்ஸில் என்று இருக்கிறவன். "அதானே. போட மாட்டாங்க."

"கேளு. ஒருத்தன் வெளியே நின்னு மூணு தடவை விசிலடிப்பான். இவ உடனே போன்ல சிம்மை மாத்திடணும். எதுக்கு? நாம கூப்பிட்டா கிடைக்கக் கூடாதுன்னு. அப்புறம் பத்து நிமிஷம் கழிச்சி..." பிரிஸில்லா நிறுத்திக்கொண்டார்.

"அணைச்சிடு," என்று தங்கவேல் எடுத்துக் கொடுத்தான். "இன்னாத்த அணைக்கறது மேடம்? லைட்டையா, ஆளையா?"

"அதை என் வாயால சொல்ல வைக்காத."

"ஆனா 'உடனே தொறக்காத'ன்னு கீதே?"

"கதவை! நாம போய்த் தட்டினா உடனே திறக்கக் கூடாதாம். எவ்வளவு பிளான் பாரு. கடைசில 'பயப்படாத, ஒண்ணும் ஆகாது'. எல்லாப் பசங்களும் இதைத்தான் சொல்றானுங்க."

"அப்ப அந்த மாடு முட்டுன தழும்பு?"

"அப்பாவையும் சேத்து செட் பண்ணியிருப்பான்," என்றார் பிரிஸில்லா.

கலியபெருமாளின் எண்ணைக் கைப்பேசியில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். ஆளோடு பிடித்துவிட்டுப் போன் போட வேண்டும். நாளைக் காலை வளர்மதி விருத்தாசலம் பஸ்ஸில் இருக்க வேண்டும். மனதுக்குள் அவளுடைய அறை எண் பதினாறைக் காலி அறைகளின் கணக்கில் சேர்த்தும் விட்டார்.

நாலு மணிக்கு வளர்மதி 'கபாலி கோயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். முப்பதடி விட்டுப் பிரிஸில்லா குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். வெயில் இல்லை, மழையும் இல்லை. முகத்தை மறைக்க ஒன்று வேண்டியிருந்தது. கச்சேரி ரோட்டில் பஸ்ஸும் ஆட்டோவும் இடித்துக்கொண்டு போக, பழக்கடைத் தள்ளுவண்டிக்குப் பின்னால் நிற்பதும் நடப்பதுமாகத் தொடர்ந்தார். கோயிலுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். வளர்மதி வலது பக்கம் ஒரு சந்துக்குள் திரும்பினாள். பொய்க் கையெழுத்து உறுதியாகிவிட்டது. இனி ஆள் ஒருவன்தான் பாக்கி.

சந்தில் ஒரு தையல் கடை. கடைக்கு மேலே வீடு. வளர்மதி பக்கத்து மாடிப்படியில் விடுவிடுவென்று ஏறிப் போனாள், சொந்த வீட்டுக்குப் போகிறவள் மாதிரி. பிரிஸில்லா கடைக்கு எதிரே மின்கம்பத்தை ஒட்டி நின்று மாடி ஜன்னலையே பார்த்தார். திரை போட்ட ஜன்னல். ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று, இருபதும் ஆயிற்று. விசிலடிக்க வருகிறவன் யாரென்று சந்தில் போகிற ஒவ்வொரு ஆணின் உதட்டையும் பார்த்தார். பால்காரர், பள்ளிவாசலுக்குப் போகிற இரண்டு பெரியவர்கள், ஒரு கூரியர் பையன். ஒருவன் உதட்டைக் குவித்தான், பதற்றத்தோடு பார்த்தார். பீடா எச்சிலைத் துப்பிவிட்டுப் போனான்.

தையல் மிஷின் நின்றது. கடைக்காரர் காதர், கழுத்தில் அளவு நாடாவோடு எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, யார் வோணும்? அப்போலேர்ந்து எங்க ஊட்டு ஜன்னலயே பாத்துக்கினு கீறீங்க. சர்வே கிர்வே எடுக்கறீங்களா?"

பிரிஸில்லா குடையை இன்னும் தாழ்த்தினார். "ப்ளவுஸ்... ப்ளவுஸ் தைக்கணும்."

"அதுக்குக் கொடைய புடிச்சிக்கினு கம்பத்தாண்ட நிக்கணுமா? உள்ள வாங்க. துணி எங்க?"

"துணி அப்புறம் வரும்."

"துணி வராம ப்ளவுஸா?" காதர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஈ.பி. ஆளா, வீட்டு வரி ஆளா, இல்லை பெண் பார்க்க வந்த இடமா என்று அவருக்கும் ஒரு சந்தேகம். இருந்தாலும் வியாபாரம் வியாபாரம்தான். நோட்டை எடுத்தார். "பேரு சொல்லுங்க, எய்திக்கறேன்."

"பிரிஸில்லா," என்று சொல்லி வாயை மூடவில்லை, மாடியிலிருந்து வந்தது ஒரு விசில். நீளமான, வெட்கமில்லாத விசில்.

"ஒண்ணு," என்றார் பிரிஸில்லா.

"ஒரு ப்ளவுஸ் தானே? செரி."

இரண்டாவது விசில். அப்படியென்றால் அவன் வெளியே நிற்கவில்லை, முன்னாலேயே வந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறான்! "ரெண்டு!"

"ரெண்டா? ஒண்ணுன்னீங்க?"

மூன்றாவது விசில் சந்து அதிர வந்தது. "மூணு!" என்று கத்திக்கொண்டே பிரிஸில்லா குடையை மடக்கிக் கையில் தடி மாதிரி பிடித்தபடி மாடிப்படியில் ஓடினார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சின்ன சமையலறையில் இரண்டு பெண்கள். அடுப்பு முன்னால் வளர்மதி. பக்கத்தில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சகினா, சிம்ராவின் அம்மா, காதரின் மனைவி.

"பின்னால திருப்பாத பின்னால திருப்பாதன்னு எத்தினி தபா சொல்றது? பாரு, அணைஞ்சி பூட்ச்சி. இது இன்னா கொயாயா? கொயாய தொறக்கத் தொறக்க தண்ணி ஜாஸ்தியா வரும். இது தொறக்கத் தொறக்க கம்மியாவும். அதான் சிம்மு. முன்னால போம்மா, முன்னால!"

"எங்க அவன்?" என்றார் பிரிஸில்லா, வாசலில் நின்று, குடையை ஓங்கி.

வளர்மதியின் கையிலிருந்த லைட்டர் கீழே விழுந்தது. "மிஸ்!"

"எவன்?" என்றாள் சகினா.

"விசிலடிச்சவன்!"

சகினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கரண்டியால் அடுப்பைக் காட்டினாள். "தோ, குந்திக்கினு கீறான் பாருங்க. அஞ்சு லிட்டரு."

குக்கர் புஸ்ஸென்று மூச்சு விட்டது. பிரிஸில்லா விடவில்லை. "சிம் எங்க? மாத்தச் சொல்லியிருக்கே!"

சகினா குனிந்து அடுப்புக் குமிழைக் காட்டினாள். பிரிஸில்லா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். குமிழைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. எஸ், ஐ, எம். பக்கத்தில் சின்னதாக ஒரு தீ நாக்குப் படம். குனிந்தவர் நிமிர நேரம் பிடித்தது.

நிமிர்ந்ததும் குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குடையை விட்டுத் துழாவினார். இரண்டு ஜோடி செருப்பும் ஒரு பழைய கேரம் போர்டும் வந்தன. சகினா கீழே கிடந்த லைட்டரை எடுத்து அடுப்பை மறுபடி பற்றவைத்து, சிம்மில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "பீரோவும் தொறந்துதான் கீது. பாத்துடுங்க, மனசுல வச்சிக்காதீங்க."

வளர்மதி அழத் தொடங்கியிருந்தாள். விக்கலுக்கு நடுவே சொன்னாள். ஜனவரியில் கம்பெனி அவளைப் புனேக்கு அனுப்புகிறது. அங்கே ஆறு பெண்கள் ஒரே வீடு, ஆளுக்கு ஒரு நாள் சமையல். இவளுக்கு அடுப்புப் பற்றவைக்கவே தெரியாது. "ஊர்ல அம்மா கிச்சன் பக்கமே விட மாட்டாங்க மிஸ். படிக்கிற புள்ளைக்கு அடுப்பங்கரையில என்ன வேலன்னு வெரட்டிடுவாங்க. குக்கர் விசில் வந்தாலே எனக்குப் பயம். போன வாரம் கூடத்துக்கு ஓடிட்டேன், பருப்பு கருகிடுச்சு. அதான் அண்ணன் எழுதிக் குடுத்துச்சு. அது தங்கியிருக்கிற மேன்ஷன்ல எல்லாருக்கும் அதுதான் சமைக்குது." முகத்தைத் துடைத்தாள். "கோயில்னு எழுதுனது தப்புதான் மிஸ். அப்பாவுக்கு மட்டும் போன் போட்டுடாதீங்க. நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடும்."

பிரிஸில்லா கைப்பேசியைக் கையில் எடுத்தார். விசிலடித்தவன் இல்லை, சரி. பொய்க் கையெழுத்து இருக்கிறதே? சட்டம் அவர் போட்ட சட்டம். எண் திரையில் இருந்தது. பெருவிரல் அதன்மேல் நின்றது.

"போனுல அப்பறம் பேசிக்கலாம்," என்றாள் சகினா, தட்டு எடுக்கக் கூடத்துப் பக்கம் போய்க்கொண்டே. "அடுப்ப மறுபடி பத்த வச்சி பத்து நிமிசம் ஆயிடுச்சி. நீங்க பக்கத்துலதான நிக்கறீங்க, கொஞ்சம் அணைச்சிடுங்க."

பிரிஸில்லா அடுப்பைப் பார்த்தார். சகினாவைப் பார்த்தார். ஏதோ சோதிக்கிறாளோ என்று ஒரு சந்தேகம். இரண்டு விரலால், சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி, குமிழைப் பிடித்துத் திருப்பினார். அணைவதற்குப் பதில் தீ குபீரென்று குக்கரின் இடுப்புவரை எழும்பியது. "ஐயோ மாதாவே!" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் பாய்ந்தார். தீ முழு வீச்சில் எரிய, குக்கர் நாலாவது விசிலை அடித்தது.

வளர்மதி அழுகையை நிறுத்திவிட்டு வார்டனையே பார்த்தாள். விடுதியில் நாற்பத்திரண்டு பெண்களை நடுங்க வைக்கிறவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

"மிஸ், உங்களுக்கும்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

சகினாதான் சாதாரணமாகச் சொன்னாள். "அணையறதுக்கு முன்னால ஒரு தபா பெருசாவும். அது வழியிலதான் போவணும். கைய எடுக்காம திருப்பிக்கினே போங்க. வாங்க, இன்னொரு தபா."

பிரிஸில்லா வந்தார். திருப்பினார். டக் என்று சத்தம். தீ போயிற்று. குமிழைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார், நிஜமாகவே அணைந்ததா என்று.

அந்த நேரம் பார்த்துக் காதர் அளவு நாடாவோடு படியேறி வந்தார். "ஏம்மா, மூணு ப்ளவுஸுன்னு சொல்லிட்டு அளவு குடுக்காம மேல ஓடியாந்துட்டீங்க? பிரிஸில்லான்னு நோட்டுல எய்திக்கினேன். துணி எப்ப வரும்?"

"அவங்க ப்ளவுஸுக்கு வர்லய்யா," என்றாள் சகினா. "ஆளப் புடிக்க வந்தாங்க."

"எந்த ஆள?"

"குக்கர."

பிரிஸில்லாவின் முகம் சிவந்தது. வளர்மதி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான் குனிகிறாள் என்று பிரிஸில்லாவுக்குப் பட்டது. அது சரியாகவும் இருந்தது.

குக்கர் பருப்பில் செய்த தால்ச்சாக் குழம்பைச் சாப்பிட வைக்காமல் சகினா விடவில்லை. பிரிஸில்லா முதல் வாயை நாக்கு நுனியில் வைத்து நிதானித்துவிட்டுத்தான் விழுங்கினார். திரும்பி நடக்கும்போது கச்சேரி ரோடு முடிகிற இடத்தில் குடையை ஊன்றி நின்றார்.

"பொய் எழுதினது தப்பா, இல்லையா?" என்றார் பிரிஸில்லா.

"தப்புதான் மிஸ்."

இன்னும் பத்தடி நடந்தார்கள்.

"நான் அந்த டெய்லர்கிட்ட சொன்னதும் பொய்தான்."

"அத நான் கேக்கவே இல்லியே மிஸ்."

"வாயால கேக்கல. மனசுல கேட்டியா இல்லையா?"

வளர்மதி நடையை எட்டிப் போட்டாள்.

விடுதிக்குப் போனதும் பிரிஸில்லா பதிவேட்டைத் திறந்து, நாலு ஞாயிற்றுக்கிழமைகளிலும் 'கபாலி கோயில்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'சமையல் பழக, கச்சேரி ரோடு' என்று எழுதினார். பிறகு வளர்மதியை எதிரில் நிற்க வைத்துக்கொண்டே ஊருக்குப் போன் போட்டார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"புகார் இல்லீங்க. பர்மிஷன் கேக்கத்தான் கூப்பிட்டேன். உங்க பொண்ணு ஞாயித்துக்கிழமை ஒரு வீட்ல சமையல் கத்துக்கறா."

மறுமுனையில் கலியபெருமாள் திகைத்துப்போனார். "படிச்ச புள்ளைக்கு சமையல் எதுக்குங்க?"

"சாப்பிடறதுக்கு," என்றார் பிரிஸில்லா. "தனியாப் போக மாட்டா. நானும் கூடப் போறேன். எனக்கு யார் மேலயும் நம்பிக்கை கிடையாது."

அப்படித்தான் அடுத்த ஞாயிறிலிருந்து இரண்டு பேர் போனார்கள். கண்காணிக்கிறேன் என்ற பெயரில் அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார் பிரிஸில்லா. மூன்றாம் வாரம் நாற்காலி ஓரத்துக்குப் போயிற்று. லைட்டரை முதலில் சொடுக்குவதா, குமிழை முதலில் திருப்புவதா என்று தொடங்கி அவர் கேட்காத கேள்வி இல்லை. எண்ணெய் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? கடுகு நிஜமாகவே தானாக வெடிக்குமா, இல்லை நாம் ஏதாவது செய்ய வேண்டுமா? பால் பொங்குவதற்கு முன்னால் அறிகுறி காட்டுமா? ஒருநாள் தீ மஞ்சளாக எரிந்தபோது, "போன வாரம் நீலமா இருந்துச்சு. இதுல ஏதோ தில்லுமுல்லு நடக்குது" என்றார். சகினா பர்னரைக் கழற்றி அடைப்பை ஊசியால் குத்திக் காட்டினாள்.

இன்னொரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார். "ஏதோ வாசனை வருது."

"உங்களுக்கு எப்பவும்தான் வருது," என்றாள் சகினா.

பிரிஸில்லா நேராகப் போய் சிலிண்டரை மூடினார். மண்டியிட்டு, ரப்பர் குழாயை முதலிலிருந்து கடைசிவரை கையால் தடவினார். வளைவில் வெடிப்பு. அதோடு விட்டாரா? குழாயில் அச்சடித்திருந்த பொடி எழுத்தையும் படித்தார். "மாத்த வேண்டிய தேதி போட்டிருக்கு பாருங்க. ரெண்டு வருஷம் தாண்டியாச்சு." சகினா அன்று கிண்டல் பண்ணவில்லை. காதர் கடையை அப்படியே போட்டுவிட்டுப் புதுக் குழாய் வாங்க ஓடினார்.

ஜனவரியில் வளர்மதி புனேக்குப் போனாள். இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறாள். சனிக்கிழமைச் சமையல் அவளுடையது.

பிரிஸில்லா சென்ற மே மாதம் விடுதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். பாலவாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில், ஒரு அறையும் சமையலறையும் உள்ள போர்ஷனில் தனியாக இருக்கிறார். இரண்டு பர்னர் அடுப்பு வைத்திருக்கிறார். மூன்று வேளையும் அவரே சமைத்துச் சாப்பிடுகிறார்.